தொடுகறி என்னும் எல்லைக்கோடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மகளின் தோழியர் ஐவர் எங்கள் வீட்டிற்கு உணவுண்ண வந்திருந்தனர். கால்ட்சோனே செய்வதென்று முன்பே முடிவாகியிருந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பண்டம் அது. பீட்ஸாவுக்குப் பிசையும் அதே மாவை வட்டமாக விரித்து, ஒரு பாதியில் பாலாடைக்கட்டியும் பிறவும் வைத்து, மறுபாதியை அதன்மேல் மடித்து, விளிம்பை அழுத்தி மூடிச் சுடுவார்கள். நம் சோமாசியைப் பன்மடங்கு பெருக்கிக் கற்பனை செய்துகொண்டால் உருவம் பிடிபட்டுவிடும்.

அதனோடு எதைப் பரிமாறுவது என்ற கேள்வி எழுந்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. விருந்து என்றால் மேசை நிறைந்திருக்க வேண்டும் என்ற பழக்கம் கையைப் பிடித்து இழுத்துச் சென்றது. உருளைக்கிழங்கு வறுவல், பூண்டு ரொட்டி, பாலாடைக்கட்டி ஊற்றிய மக்ரோனி, மயோனைஸ் கலந்த முட்டைக்கோஸ் என நான்கு வகைகள். அவற்றில் மூன்றைச் சுடச்சுடப் பரிமாற வேண்டும். எங்கள் ஓவனிலோ ஒரு தடவைக்கு இரண்டு கால்ட்சோனேதான் வைக்கலாம். ஓர் ஈடு வேக இருபது நிமிடமாகும். எட்டுப் பேருக்கு நான்கு ஈடு. இடையிடையே எண்ணெய்ச் சட்டியில் வறுவல். எட்டாவது கால்ட்சோனேயை, இரவு ஒன்பதரை மணிக்கு, சமையல் மேடையருகே நின்றபடி நான் தின்றேன். உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வந்த பெண்கள் எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் ஈட்டை உண்டவர்களில் ஒருத்தி சமையலறை வாசலில் வந்து நின்று, சற்றே கூச்சத்துடன், “ஆன்ட்டி, ஊறுகாய் இருக்கா?” என்று கேட்டாள். எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டி உள்ளே போயிற்று. இரவு மேசையைத் துடைக்கும்போது மக்ரோனி முக்கால் பங்கும் பூண்டு ரொட்டி பாதியும் மிஞ்சியிருந்தன. புட்டி காலியாகியிருந்தது.

நான்கு பக்க உணவுகள் செய்யாததை ஒரு புட்டி ஊறுகாய் செய்திருக்கிறது. ஏன் என்று யோசித்ததில் விளைந்தது இக்கட்டுரை. கால்ட்சோனேக்குத் தொடுகறி தேர்வதென்பது உண்மையில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பது. அந்தப் பண்டத்தில் இல்லாதது எது என்பது முதற்கேள்வி. அதைச் செய்தவர் எல்லோரோடும் உட்கார்ந்து உண்ண முடியுமா என்பது அடுத்தது. முதற்கேள்வியைச் சமையல் நூல்கள் ஓரளவு கேட்கின்றன. இரண்டாவதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

*

இத்தாலிய மொழியில் ‘கால்ட்சா’ என்றால் காலுறை. ‘கால்ட்சோனே’ அதன் பெருக்க வடிவம். கால்சட்டையைக் குறிக்கும் சொல்லும் இதுவே. நேப்பிள்ஸ் மரபில் இதன் உள்ளீடு ரிக்கோட்டா, மொட்சரெல்லா அல்லது புகையூட்டிய புரோவோலா, பொடியாக அரிந்த சலாமி, மிளகுத்தூள். இதையே எண்ணெயில் பொரித்தால் ‘பீட்ஸா ஃப்ரித்தா’. வித்தோரியோ டி சிக்காவின் ‘நேப்பிள்ஸின் தங்கம்’ (1954) திரைப்படத்தில் சோஃபியா லாரன் தெருவில் கடனுக்கு விற்பது இந்தப் பொரித்த பீட்ஸாவைத்தான். ஏழைகளின் பசியாற்றிய பண்டம் அது.

இதன் சுவைக் கணக்கைப் பாருங்கள். மாவு, கொழுப்பு, உப்பு, பாலின் மெல்லிய இனிமை, இறைச்சியின் கனம் எல்லாம் இருக்கின்றன. புளிப்பு இல்லை. கசப்பு இல்லை. பச்சையாக எதுவும் இல்லை. குளிர்ச்சியாக எதுவும் இல்லை. திறந்த பீட்ஸாவில் மேலே பரவிய தக்காளியின் புளிப்பு ஒவ்வொரு கடியிலும் வருகிறது. பாலாடைக்கட்டியின் ஈரம் அடுப்பின் வெப்பத்தில் ஆவியாகிப் போய்விடுகிறது. கால்ட்சோனே மூடிய பண்டம். உள்ளே எழும் ஆவி வெளியேற வழியின்றி உள்ளீட்டையே வேகவைக்கிறது. அதனால்தான் அதே மாவு, அதே பாலாடைக்கட்டி என்றாலும் பீட்ஸாவைவிட இது வயிற்றில் கனமாக இறங்குகிறது.

நேப்பிள்ஸ் பீட்ஸாக் கடையில் கால்ட்சோனே கேட்பவர் தொடுகறி எதிர்பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அது தனித்து நிற்கும் உணவு. வேண்டுமானால் அதற்கு முன் பொரித்த பண்டம் ஏதாவது கொறிப்பார்கள், பின்னர் பழம் உண்பார்கள். அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன் இந்தக் கேள்வி? காரணம் அடுப்பில் இருக்கிறது. அந்நகரின் விறகடுப்பு 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். பீட்ஸா அதில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். கால்ட்சோனேக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். மாவு வெளியே கருகி, உள்ளே மென்மையாக, ஈரம் இழக்காமல் வரும். வீட்டு ஓவன் 250 டிகிரியைத் தாண்டுவது அரிது. அதில் 15 முதல் 20 நிமிடம் கிடக்கும் மாவு தடித்த ரொட்டியாகிவிடுகிறது. வீட்டுக் கால்ட்சோனே கடைக் கால்ட்சோனேயைவிட உலர்ந்தது, கனத்தது. அதற்குத் துணை தேவைப்படுகிறது.

*

அந்தத் துணைக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் ‘கொன்தோர்னோ’. வழக்கமாக இரண்டாம் சுற்றாக வரும் இறைச்சி, மீன் உணவுகளின் பக்கத்தில் வைக்கும் காய்கறியை அச்சொல் குறிக்கிறது. அதே சொல்லுக்கு எல்லைக்கோடு, புறவடிவம் என்றும் பொருள். ஓவியன் ஓர் உருவத்தைச் சுற்றி இழுக்கும் கோடும் கொன்தோர்னோதான். பக்க உணவு என்பது தட்டில் மிஞ்சிய இடத்தை அடைப்பதற்கு அன்று. நடுவிலிருக்கும் பண்டம் எது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு. இப்படியொரு கருத்தை மொழி தனக்குள் வைத்திருக்கிறது. பேசுபவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

நம்மிடமும் இதற்கிணையான சொற்கள் உண்டு. ‘தொடுகறி’ என்பதில் தொடுதல் என்னும் செயலே பெயராகியிருக்கிறது. சோறுதான் உணவு, கறி அதைத் தொடுவது. தென்மாவட்டங்களில் வழங்கும் ‘வெஞ்சனம்’ வடமொழி ‘வியஞ்சன’த்தின் தமிழ் வடிவம். வடமொழியில் அச்சொல் சோற்றோடு சேர்க்கும் குழம்பு, கறிகளைக் குறிப்பதோடு மெய்யெழுத்தையும் குறிக்கிறது. தானே ஒலிக்க வல்லது உயிர். அதனோடு சேர்ந்து அதற்கு உருவம் தருவது மெய். வெளிப்படுத்துதல் என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் கவிதையின் குறிப்புப் பொருளை விளக்கியபோது கையாண்ட ‘வியஞ்சனா’வும் இந்த வேரிலிருந்து கிளைத்ததுதான்.

வெவ்வேறான இரு மொழி மரபுகள், ஒன்று கோடு என்றும் மற்றொன்று வெளிப்படுத்துவது என்றும், ஏறத்தாழ ஒரே உண்மையைத் தொட்டிருக்கின்றன. தொடுகறி முதன்மை உணவை மீண்டும் ஒருமுறை சொல்லக் கூடாது. அது சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். நான் வைத்த மக்ரோனி, கால்ட்சோனே ஏற்கெனவே சொன்ன மாவையும் பாலாடைக்கட்டியையும் இன்னொரு தடவை, அதைவிட மோசமாகச் சொன்னது. ஊறுகாய் அது சொல்லாததைச் சொன்னது.

*

கால்ட்சோனே சொல்லாமல் விட்டதை அந்த நாட்டார் எங்கே தேடினார்கள்? இலையில்.

நேப்பிள்ஸ் மக்களை இன்று பாஸ்தாவோடும் பீட்ஸாவோடும் சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் பிற இத்தாலியர் அவர்களுக்கு இட்ட கேலிப்பெயர் ‘இலைதின்னிகள்’. கோஸ், கீரை வகைகளே அவர்கள் உணவின் பெரும்பகுதியாக இருந்தன. இலைதின்னிகள் எப்படி ‘மக்ரோனிதின்னிகள்’ ஆனார்கள் என்பதை வேளாண் வரலாற்றாசிரியர் எமிலியோ செரேனி 1958இல் எழுதிய கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் மாவு முன்னேற இலை பின்வாங்கியது. ஆயினும் அது மறைந்துவிடவில்லை; தட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்தது. இன்று அந்நகரத்தார் விரும்பியுண்ணும் கசப்புக் கீரைகள் அந்தப் பழைய உணவின் எச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இலையுணவு பற்றிப் பேசும்போது இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். ஜாக்கொமோ கஸ்தெல்வெத்ரோ, மோதெனா நகரத்தவர். ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு இத்தாலியம் கற்பித்தவர். மதவிசாரணை மன்றம் வெனிஸ் நகரில் அவரைச் சிறைப்பிடித்தது. 1611இல் இங்கிலாந்துத் தூதரின் தலையீட்டால் உயிர் தப்பி, முதுமையில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே அவரை வருத்தியவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் உணவு மேசை. இறைச்சியும் இனிப்பும் குவிந்திருந்தன, காய்கறி சொற்பம். எனவே 1614இல் இத்தாலியர் உண்ணும் வேர்கள், கீரைகள், கனிகள் அனைத்தையும் பருவந்தோறும் விவரித்து ஒரு சிறுநூலைக் கைப்பிரதியாக எழுதி, பெட்ஃபர்டு சீமாட்டி லூசிக்குக் காணிக்கையாக்கினார். இரண்டாண்டுகளில் இறந்துபோனார். ஊர் திரும்ப வழியற்ற ஒரு கிழவர், தன் ஊரின் கீரைகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கையில், அந்நூலைச் சமையல் நூல் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

அந்நூலில் பச்சைக் கீரைக் கலவை செய்வதற்கு அவர் வகுக்கும் விதி எளியது. கீரையைப் பல தண்ணீரில் அலசி, துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும். உப்பு தாராளமாக, எண்ணெய் அதைவிடத் தாராளமாக, வினிகர் கொஞ்சமாக. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அலசாமல், ஈரம் வடிக்காமல், உப்பைக் குறைத்து வினிகரைக் கொட்டுகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார். நானூறு ஆண்டுகள் கழிந்தும் இந்தக் கண்டிப்பில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்ற பொது விகிதமும் இதற்கு அருகில்தான் வருகிறது.

*

இனி, எதைத் தேர்வது? கால்ட்சோனேயின் உள்ளீடுதான் அதை முடிவு செய்ய வேண்டும்.

நேப்பிள்ஸ் முறையில் பாலாடைக்கட்டியும் சலாமியும் வைத்திருந்தால், வேண்டியது கசப்பு. அந்நகரத்தார் ‘ஃப்ரியாரியெல்லி’ என்றழைக்கும் கீரை இதற்கென்றே விளைந்தது போன்றது. கோசுக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த கீரையொன்றின் இளந்தளிரும் மொட்டும் அது. ஆலிவ் எண்ணெயில் பூண்டும் வற்றல் மிளகாயும் தாளித்து, கழுவிய ஈரத்தைத் தவிர வேறு தண்ணீர் விடாமல், மூடி வதக்குவார்கள். ஒரு கிலோ கீரை நால்வருக்கு. வெந்தால் அத்தனையும் சுருங்கி நான்கு பிடிதான் தேறும். நம் ஊரில் அது கிடைக்காது. ஆனால் முள்ளங்கிக் கீரையும் கடுகுக் கீரையும் அதே கடுகுக் குடும்பத்தவை. அந்தக் காரக் கசப்பு அவற்றிலும் உண்டு. முள்ளங்கியை வாங்கிக் கீரையைத் திருகி எறிந்துவிட்டு வருபவர்கள் அடுத்த முறை சற்று யோசிக்கலாம்.

பசலையும் ரிக்கோட்டாவும் உள்ளே இருந்தால் கீரை ஏற்கெனவே வந்துவிட்டது. பக்கத்தில் மறுபடியும் கீரை வைப்பது கூறியது கூறல். அங்கே வேண்டியது புளிப்பு. சிவப்புக் குடைமிளகாயை நெருப்பில் வாட்டித் தோலுரித்து, கீற்றுகளாக்கி, பூண்டும் எண்ணெயும் சில துளி வினிகரும் சேர்த்து ஊறவைக்கலாம். அல்லது நேப்பிள்ஸின் ‘ஸ்காபேச்சே’ முறை: சுக்கினியை வட்டமாக அரிந்து பொரித்து, வினிகரிலும் புதினாவிலும் ஊறவைப்பது. சொல் ஸ்பானியத்திலிருந்து இத்தாலிக்கு வந்தது. அங்கே அது அரபியிலிருந்து போனது. அதற்கும் முன் பாரசீகத்தில் வினிகரில் சமைத்த இறைச்சிக்குப் பெயராக இருந்தது. கொழுப்பைப் புளிப்பால் வெல்லலாம் என்ற அறிவு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

இத்தாலியின் தென்கிழக்கிலுள்ள புல்யா மாநிலத்தில் கால்ட்சோனே என்றால் பெரும்பாலும் வெங்காயம். நிறைய வெங்காயத்தை மெல்ல வதக்கி, கறுப்பு ஆலிவும் உப்பிட்ட நெத்திலியும் சேர்த்து இரு மாவு வட்டங்களுக்கிடையே வைத்துச் சுடுவார்கள். அது இனிப்பும் உவர்ப்புமாக, மென்மையாக இருக்கும். அதற்குக் கசப்பைவிட, பல்லில் நறுக்கென்று கடிபடும் பச்சைக் காயே பொருத்தம். அம்மாநிலத்தில் ‘கரொசெல்லோ’ என்று ஒன்றுண்டு. முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது, பிஞ்சில் பறித்து வெள்ளரி போலப் பச்சையாகத் தின்பது. நல்ல வெள்ளரிப் பிஞ்சு அந்த வேலையைச் செய்துவிடும். பெருஞ்சீரகச் செடியின் தண்டடிக் குமிழையும் அங்கே பச்சையாக அரிந்து வைப்பார்கள். நாம் உணவுக்குப் பின் வாயில் போட்டுக்கொள்ளும் சோம்பும் அந்தக் குமிழும் ஒரே செடியினத்தின் வெவ்வேறு உறுப்புகள். நோக்கமும் ஏறக்குறைய ஒன்றே.

இவற்றில் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. ஒன்று வெந்தது, ஒன்று பச்சையாக. மூன்றாவது வந்தால் எல்லைக்கோடு கலைந்து கிறுக்கலாகிவிடும்.

*

மறுப்புகள் எழும். உருளைக்கிழங்கில்லாத விருந்தைப் பிள்ளைகள் ஒப்புவார்களா என்பது முதலாவது. நேப்பிள்ஸ்காரர்களே பீட்ஸாவுக்கு முன் உருளைக்கிழங்கைப் பொரித்துத் தின்பவர்கள்தாம். பாஸ்தாவோடு உருளைக்கிழங்கைச் சேர்த்துச் சமைப்பவர்கள்தாம். மாவோடு மாவைச் சேர்ப்பது குற்றமன்று. அது பசியின் கணக்கு. ஒரு பிடி பாஸ்தாவை ஆறு பேருக்கு நீட்டவேண்டிய வீட்டில் உருளைக்கிழங்கு நல்ல துணை. நம் மேசையில் அந்தப் பசி இல்லை. தேவையில் பிறந்த சேர்க்கையைத் தேவை நீங்கிய பின்னும் செழிப்பின் அடையாளமாகச் செய்யும்போது, பாதி எறியப்படுகிறது. மிஞ்சிய மக்ரோனியைக் கொட்டியபோது எனக்கு உறைத்தது அதுதான்.

அமெரிக்காவில் கால்ட்சோனேயோடு ஒரு சிறு கிண்ணத்தில் சூடான தக்காளிக் குழம்பு வைப்பார்களே, அது தவறா என்பது அடுத்த கேள்வி. தவறென்று சொல்லமாட்டேன். குடிபெயர்ந்த இத்தாலியர் தாங்கள் போன இடத்தில் கண்டுகொண்ட நியாயமான விடை அது. உள்ளீட்டில் தக்காளி இல்லாதபோது அதன் புளிப்பை வெளியிலிருந்து தருகிறார்கள். ஆனால் புட்டியில் அடைத்த இனிப்புத் தக்காளி சாஸ் அந்த வேலையைச் செய்யாது. அதில் சர்க்கரை புளிப்பை விழுங்கிவிடுகிறது. பூண்டு ரொட்டியைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ரொட்டிக்குத் துணையாக ரொட்டி.

அப்படியானால் ஊறுகாயே போதுமே என்று கேட்கலாம். அந்தப் பெண்ணின் நாக்கு சரியாகவே கேட்டது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எலுமிச்சை ஊறுகாயின் உப்பும் காரமும் தயிர்ச்சோற்றின் மட்டான சுவையை எதிர்நோக்கி அமைந்தவை. ஏற்கெனவே உப்பு மிகுந்த பாலாடைக்கட்டியின் மேல் அது ஏறி அமர்ந்தால் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஊறுகாய் கேள்வியைச் சரியாக எழுப்பியது. விடையை வேறிடத்தில் தேட வேண்டும்.

*

கடைசியாக, அந்த இரண்டாவது கேள்வி.

மேலே நான் பட்டியலிட்டவற்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வதக்கிய கசப்புக் கீரையைச் சூடாறிய பின்னும் உண்ணலாம். வாட்டிய குடைமிளகாய் ஒரு மணிநேரம் ஊறினால் கூடுதல் சுவை. ஸ்காபேச்சே மறுநாள்தான் முழுமையடையும். சிசிலியின் ‘கப்போனாத்தா’, அதாவது கத்தரிக்காயும் செலரியும் ஆலிவும் புளிப்பினிப்பாகச் சேர்ந்த கறி, அதுவும் அப்படியே. கிறிஸ்துமஸ் காலத்து நேப்பிள்ஸில் காலிஃபிளவரை வேகவைத்து வினிகர், ஆலிவ், ஊறவைத்த மிளகாய், நெத்திலி கலந்து வைக்கும் சாலட்டுக்கு ‘வலுவூட்டும் சாலட்’ என்று பெயர். குறையக் குறையப் புதிதாகச் சேர்த்துப் புத்தாண்டு வரை ஓட்டுவார்கள் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. இவற்றில் எதுவும் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு ஓடவேண்டியதன்று. எல்லாம் முன்பே செய்து மூடிவைக்கத் தக்கவை.

இது தற்செயலாக இருக்க முடியாதென்று நினைக்கிறேன். சமைப்பவளுக்கு இரண்டு கைகள்தாம் என்பதை அறிந்தவர்கள் உருவாக்கிய உணவுகள் இவை. கால்ட்சோனே ஒன்றே கடைசி நிமிடத்து உழைப்பைக் கேட்பது. ஆகவே அதன் துணை அப்படிக் கேட்கக் கூடாது. என் நான்கு வகைகளின் உண்மையான பிழை சுவையில் மட்டும் இல்லை. அவை என்னை அடுப்படியில் நிறுத்திவைத்தன. அங்கே நிற்கச் சொன்னவர் எவரும் இல்லை. பட்டியலை எழுதியவள் நானேதான். நின்று பழகிய ஒரு கை அதை எழுதியது.

பெல்லெக்ரீனோ அர்த்தூஸி என்பவர் 1891இல் ஃபிளாரன்ஸில் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், இத்தாலிய வீடுகளில் ஏறக்குறைய மறைநூல் போல நிலைத்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர் வீட்டில் அந்தக் குறிப்புகளைச் செய்து பார்த்தவர்கள் மரியெத்தா சபத்தீனி, ஃபிரான்செஸ்கோ ருஃபில்லி என்னும் இரு சமையலர்கள். 1911இல் அவர் இறந்தபோது நூலின் உரிமைத்தொகை அவ்விருவருக்கும் சேர எழுதிவைத்திருந்தார். நூலில் ஒரு கேக்குக்கு மரியெத்தாவின் பெயரையே இட்டிருந்தார். நல்ல மனம். ஆயினும், உயிரோடிருந்தபோது ஒரு நாளேனும் மரியெத்தா அந்த மேசையில் அவரோடு அமர்ந்து, தாம் செய்ததைச் சூடாக உண்டாரா என்று கேட்கத் தோன்றுகிறது. நன்றியை உயிலில் எழுதுவது எளிது. நாற்காலியை இழுத்துப் போடுவதுதான் கடினம்.

கஸ்தெல்வெத்ரோ என்ற பெயர் இலக்கியத் திறனாய்வு படித்தவர்களுக்குப் புதிதாக இருந்திராது. கீரைகளைப் பற்றி எழுதிய ஜாக்கொமோவின் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆன லொதொவீக்கோ கஸ்தெல்வெத்ரோ, 1570இல் அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு உரை எழுதியவர். நாடகத்தில் காலம், இடம், செயல் ஆகிய மூன்றிலும் ஓர்மை வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர். அவரும் மதவிசாரணைக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடியவரே. நாடக மேடைக்கு அந்த விதி தேவையில்லை என்பதைப் பிற்காலத்து நாடகாசிரியர்கள் நிறுவிவிட்டார்கள். உணவு மேசைக்கு அது தேவை என்பது என் கட்சி. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே செயலில் இருக்க வேண்டும். சமைத்தவரும் அதில் அடக்கம்.

அண்மையில் மறுபடியும் கால்ட்சோனே செய்தோம். இம்முறை பிற்பகல் நான்கு மணிக்கே முள்ளங்கிக் கீரையைப் பூண்டோடு வதக்கி மூடிவைத்தேன். வெள்ளரிப் பிஞ்சும் வெங்காயமும் அரிந்து உப்பு, எண்ணெய், கொஞ்சம் வினிகர் கலக்கும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். முதல் ஈடு வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் ஆறவிட்டோம். உள்ளிருக்கும் ஆவி நாக்கைச் சுட்டுவிடும். பிறகு ஆளுக்கொன்று என்று காத்திராமல், வந்த இரண்டையும் துண்டுகளாக வெட்டி நடுவில் வைத்தோம். அடுத்த ஈடு வேகும் இருபது நிமிடத்தைக் கீரையும் வெள்ளரியும் பேச்சும் நிரப்பின. ஓவனின் மணி அடித்தபோது எழுந்து போனவர் என் கணவர்.

ஊறுகாய்ப் புட்டியை அன்று யாரும் கேட்கவில்லை.